வெப்பமண்டல அழகுச் செடிகளை அடையாளம் காண்பதும் ரசிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் சமவெளியிலும் கடலோரத்திலும் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. நர்சரியில் ஒரு பெயர், பக்கத்து வீட்டில் ஒரு பெயர், கைபேசிச் செயலியில் இன்னொரு பெயர் என்று ஒரே செடி பல பெயர்களில் வழங்கும்போது, இலை, கணு, பால், பூவின் அமைப்பு ஆகியவற்றைப் பார்த்துச் செடியை அறியப் பழகுவதே நம்பத்தக்க வழி. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் எந்தச் செடிக்கு வெயில் வேண்டும், எதைக் குழந்தைகளிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும், எதை எந்த நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதனுடனேயே தெரியவரும்.

பெயர் தெரியாத ஒரு செடியை முதலில் எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?

பூவின் நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். கலப்பினம் உருவாக்குபவர்கள் முதலில் மாற்றுவது நிறத்தைத்தான். செம்பருத்தியும் காகிதப்பூவும் இன்று எத்தனையோ நிறங்களில் கிடைக்கின்றன. ஆனால் தண்டில் இலை அமைந்திருக்கும் முறை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. கணுவுக்கு ஓர் இலையாக மாறி மாறி வருகிறதா, இரண்டு இலைகள் எதிரெதிரே நிற்கின்றனவா, மூன்று நான்கு இலைகள் வட்டமாகச் சூழ்ந்திருக்கின்றனவா என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, ஓர் இலைக்காம்பைக் கிள்ளிப் பால் வடிகிறதா என்றும், இலையைக் கசக்கினால் மணம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, பலரும் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு: இலைக்காம்பு தண்டில் சேரும் இடம். அங்கே சிறு செதிலோ, முள்ளோ, தழும்போ இருக்கும். செண்பக மரத்தின் இளங்கிளையைக் கையில் பிடித்துப் பார்த்தால், ஒவ்வொரு கணுவிலும் தண்டைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று ஓடுவது தெரியும். இளந்தளிரை மூடியிருந்த உறை உதிர்ந்துபோன தழும்பு அது. பூவே இல்லாத மாதத்திலும் அந்த வளையம் செண்பகத்தின் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவும் பார்த்த பிறகு பூவுக்கு வாருங்கள்: இதழ்கள் எத்தனை, தனித்தனியா, அடியில் குழாயாக இணைந்தவையா, மகரந்தத்தாள்கள் எத்தனை, அவை எங்கே ஒட்டியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

கிளையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடிகிறது. அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

வீட்டுத் தோட்டத்து அழகுச் செடிகளில் பால் வடிபவை பெரும்பாலும் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை: அரளிக் குடும்பம், ஆமணக்குக் குடும்பம். இரண்டையும் பிரிக்கப் பூவைப் பார்த்தால் போதும். அரளிக் குடும்பத்தில் ஐந்து இதழ்கள் அடியில் குழாயாக இணைந்திருக்கும். ஒவ்வோர் இதழும் ஒரு பக்கம் அடுத்த இதழின் மேல் ஏறி, மறுபக்கம் முந்தைய இதழுக்கு அடியில் செல்லும். அதனால் பூ முழுவதும் ஒரே திசையில் சுழல்வதாகத் தோன்றும். நந்தியாவட்டையின் ஒற்றைப் பூ, நித்தியகல்யாணி, ஈழத்தலரி, அலமண்டா ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த உறவு உடனே விளங்கும். மொட்டிலேயே அந்த முறுக்கு தெரியும்.

ஆமணக்குக் குடும்பத்துப் பாற்செடிகளான முள்கிரீடச் செடியிலும் பாயின்செட்டியாவிலும் இதழ் என்று நாம் நினைப்பது இதழே இல்லை. அவை பூவடிச் செதில்கள், அதாவது பூவின் அடியில் நிறமேறி நிற்கும் இலைகள். உண்மையான பூக்கள் அவற்றின் நடுவில், கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் அளவுக்குச் சிறியவை. மடகாஸ்கரிலிருந்து வந்த முள்கிரீடச் செடியில் ஒவ்வொரு பூத்தொகுதிக்கும் இப்படி இரண்டு செதில்கள் இருக்கும். இந்தக் குடும்பத்தின் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரிச்சலூட்டும் என்பதால், கவாத்து செய்யும்போது கையுறை அணிவதும், முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் கட்டாயம்.

அரளி என்ற பெயரில் பல செடிகள் இருக்கின்றனவே, எப்படிப் பிரித்தறிவது?

இலை அமைப்பைப் பார்த்தே பிரித்துவிடலாம். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் நிற்கும் அரளியில் கணுவுக்கு மூன்று இலைகள் வட்டமாக இருக்கும். நீண்டு தடித்த அந்த இலைகளில் பக்க நரம்புகள் நெருக்கமாக, இணையாக ஓடும். கிள்ளினால் வெள்ளைப் பால் பீறிடாது. பிசுபிசுப்பான சாறுதான் வரும். மஞ்சள் அரளியில் இலைகள் மேலும் ஒடுங்கி, மாறி மாறி அமைந்திருக்கும். பால் வெள்ளையாக வடியும். பூ மஞ்சள் புனலாகக் கவிழ்ந்து தொங்கும். காய் பச்சையாக, புடைத்த மேடுகளுடன் இருக்கும். அலமண்டாவில் பூ பெரிதாக விரிந்த மஞ்சள் புனல். இலைகள் பெரும்பாலும் நான்கு நான்காகச் சூழ்ந்திருக்கும். அடினியத்தை அதன் பருத்த அடித்தண்டே சொல்லிவிடும். அரேபியாவும் ஆப்பிரிக்காவும் அதன் தாயகம் என்பதால், வடகிழக்குப் பருவமழையின்போது தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்தாவிட்டால் அந்த அடித்தண்டு அழுகிவிடும்.

அழகுக்காக வளர்க்கும் செடிகளில் நச்சுள்ளவை எவை?

அரளியும் மஞ்சள் அரளியும் வேர் முதல் விதை வரை நச்சுள்ளவை. அவற்றிலுள்ள பொருள்கள் இதயத் துடிப்பைப் பாதிப்பவை. அவற்றை நீக்கச் சொல்ல மாட்டேன், ஏனெனில் வறட்சியைத் தாங்கிப் பூக்கும் செடிகளில் அரளிக்கு ஈடு குறைவு. ஆனால் தவழும் குழந்தையோ மேயும் ஆடுமாடோ உள்ள வீட்டில் அதற்கு இடம் வேலிக்கு வெளியே கூட இல்லை. வெட்டிய கிளைகளை எரிக்கக் கூடாது. செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின், ஊமத்தை வகைகளின் எல்லாப் பாகங்களிலும் உள்ள ஆல்கலாய்டுகள் ஆகியவையும் உயிருக்கு ஆபத்தானவை. நிழலில் வைக்கும் டைஃபன்பாக்கியாவின் இலையை மென்றால், அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயையும் நாக்கையும் வீங்கச் செய்யும். யாரேனும் எதையேனும் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல், அந்தச் செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். செடியைச் சரியாக அடையாளம் காண்பது உயிரைக் காக்க உதவும் தருணம் அது.

ஈழத்தலரியில் எத்தனை வகைகள் நம் ஊரில் கிடைக்கின்றன?

பொதுவாக மூன்று இனங்கள் கிடைக்கின்றன. மூன்றையும் இலை நுனியைக் கொண்டே சொல்லிவிடலாம். இலை நுனி கூர்மையாக இருந்து, கோடையை ஒட்டிய மாதங்களில் இலைகளை முழுவதும் உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளைகளில் பூப்பது புளூமேரியா ரூப்ரா. வெள்ளையில் மஞ்சள் தொண்டை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு என எல்லா நிறங்களும் இதில் வரும். இலை நுனி வட்டமாக, மேற்பரப்பு பளபளப்பாக இருந்து, ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்பது புளூமேரியா ஒப்டூசா. இதன் பூ வெள்ளை. அண்மைக் காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வேலியோரம் வரிசையாக நடப்படுவது புளூமேரியா புடிக்கா. அதன் இலை நடுவில் ஒடுங்கி, நுனிப்பக்கம் அகன்றிருக்கும். பூக்கள் கொத்துக் கொத்தாக வந்தாலும் மணம் மிகக் குறைவு. மணத்துக்காக ஈழத்தலரி வாங்குபவர்கள் இந்த மூன்றாவதைத் தவிர்ப்பது நல்லது.

இவை எல்லாமே மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவற்றிலிருந்து வந்தவை. இலையைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பை ஒட்டியே ஒரு நரம்பு ஓடி, பக்க நரம்புகளையெல்லாம் இணைப்பதைக் காணலாம். ஈழத்தலரியின் மணம் இரவில்தான் கூடுகிறது. அந்த மணத்தை நம்பி வரும் பருந்து அந்துப்பூச்சிகளுக்கு (இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகள்) அதில் தேன் கிடையாது. தேன் தேடிப் பூப்பூவாக அலையும் பூச்சியே மகரந்தத்தைக் கடத்திவிடுகிறது.

காகிதப்பூவில் வண்ணமாக இருப்பது பூவா, இலையா?

வண்ணமாக இருப்பவை மூன்று பூவடிச் செதில்கள். ஒவ்வொரு செதிலின் நடுநரம்பிலும் ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய குழாய் நிற்கும். அதன் நுனியில் விரியும் வெளிர்நிற நட்சத்திரம்தான் பூ. ஆக, நாம் ஒரு பூ என்று பறிப்பதில் மூன்று பூக்கள் உள்ளன. அடுக்குக் காகிதப்பூ என்று விற்கப்படும் வகைகளில் பூக்களின் இடத்திலும் செதில்களே வளர்ந்திருப்பதால், குழாயைத் தேடினாலும் கிடைக்காது. வாடிய செதில்கள் உதிராமல் கிளையிலேயே பழுப்பாகத் தங்குவதும் அவ்வகைகளில்தான். தரையைப் பெருக்கும் வேலை குறையும் என்றாலும், நான் ஒற்றை வகைகளையே விரும்புகிறேன்.

இனங்களைப் பிரிக்க முள்ளையும் இலையையும் தொட்டுப் பாருங்கள். இலை வழவழப்பாகவும் முள் குட்டையாகவும் இருந்தால் கிளாப்ரா; இலையில் மென்மயிரும், பெரிய வளைந்த முட்களும் இருந்தால் ஸ்பெக்டாபிலிஸ். நர்சரிகளில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இவற்றின் கலப்பினங்கள் என்பதால், இரண்டின் குணங்களும் கலந்திருந்தால் குழம்ப வேண்டாம். பிரான்சின் பூகன்வில் தலைமையில் உலகைச் சுற்றிய கப்பல் பயணத்தில், 1767-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இந்தக் கொடியைச் சேகரித்தவர் தாவரவியலாளர் ஃபிலிபர் கொமெர்சோன். அவருக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே என்ற பெண்மணியும் அந்தப் பயணத்தில் இருந்தார்.

செடி செழித்து வளர்ந்தும் பூக்கவில்லை என்றால், பெரும்பாலும் தண்ணீரும் உரமும் மிகுதியாகிவிட்டன, அல்லது வெயில் போதவில்லை என்று பொருள். மண் காய்ந்த பிறகு மட்டும் நீர் விட்டு, முழு வெயிலில் வைத்து, ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கவாத்து செய்தால் புதுக் கிளைகளில் மறுபடியும் வண்ணம் வரும்.

இட்லிப்பூவும் சங்க இலக்கியத்தின் வெட்சியும் ஒன்றா?

ஆம், நம் ஊர் இட்லிப்பூவான இக்சோரா காக்சினியாவே வெட்சி. ஆநிரை கவரச் செல்லும் வீரர்கள் சூடிய பூ இது. அந்தத் திணைக்கே இதன் பெயர்தான். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். வெளிநாட்டுச் செடிகளால் நிறைந்த நர்சரி வரிசையில் நின்றுகொண்டிருக்கும் சொந்த மண்ணின் செடி என்பதை அறிந்து வாங்குபவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

வெட்சியை அறிய, எதிரெதிரான இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே தண்டை நகத்தால் தடவிப் பாருங்கள். அங்கே முக்கோணமாக, ஊசிமுனையுடன் ஒரு சிறு செதில் தண்டோடு ஒட்டியிருக்கும். இலையடிச் செதில் எனப்படும் இது இரண்டு இலைகளுக்கும் பொதுவாக நடுவில் நிற்பது காபிக் குடும்பத்தின் முத்திரை. காபி, நுணா, பென்டாஸ், முசாண்டா எல்லாவற்றிலும் இதைக் காணலாம். பூவில் நான்கு இதழ்களும் நீண்ட குழாயும் இருக்கும். இதழ் நுனி கூராக இருந்தால் நம் வெட்சி. வட்டமாக இருந்தால் சீன இக்சோராவாகவோ அதன் கலப்பாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

சுவரோரம் நட்ட வெட்சியின் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக வெளுப்பது பலரும் காணும் சிக்கல். சிமெண்ட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பும் உப்புள்ள ஆழ்துளைக் கிணற்று நீரும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடுவதால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. சுவரை விட்டுத் தள்ளி நடுவதும், மட்கிய தொழு உரம் இடுவதும், மழைநீரைச் சேமித்து விடுவதும் இதற்கு உதவும். தேவைப்பட்டால் இரும்புச் சத்துக் கரைசலை இலையில் தெளிக்கலாம்.

முசாண்டாவில் வெள்ளையாகவும் ரோஜா நிறமாகவும் விரிந்திருப்பவை என்ன?

அவை பெரிதாகிய புல்லி இதழ்கள், அதாவது மொட்டை வெளியே மூடியிருக்கும் உறை இதழ்கள். நம் மலைக்காடுகளின் வெள்ளிலையில் ஒரு பூவுக்கு ஒரே ஒரு புல்லி மட்டும் இலையளவுக்கு வளர்ந்து வெளுத்திருக்கும். உண்மையான பூ ஆரஞ்சு நிறச் சிறு நட்சத்திரம். பிலிப்பைன்ஸின் மக்கிலிங் மலையில் கண்டெடுக்கப்பட்ட ஒரு செடியில் ஐந்து புல்லிகளும் அவ்வாறு பெரிதாகி இருந்தன. அதற்கு ‘டோன்யா அரோரா’ என்று பெயரிட்டுப் பெருக்கினார்கள். ஆப்பிரிக்காவின் சிவப்பு முசாண்டாவோடு அதைக் கலந்ததில் பிறந்தவைதான் இன்று நாம் வாங்கும் ரோஜா நிற வகைகள்.

வாழை போன்ற இலையுள்ள அழகுச் செடிகள் எல்லாம் ஒன்றாகவே தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

அடையாளம் காணும் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த கூட்டம் இல்லை. வாழை, ஹெலிகோனியா, விசிறி வாழை, இஞ்சி வகைகள், கோஸ்டஸ், கல்வாழை, மராண்டா எல்லாம் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவினர்கள். அந்த வரிசையில் மொத்தம் எட்டுக் குடும்பங்கள் உள்ளன.

முதலில் இலை எழும் முறையைப் பாருங்கள். தண்டைச் சுற்றி மாடிப்படி போல இலைகள் சுழன்று ஏறினால் கோஸ்டஸ். ‘இன்சுலின் செடி’ என்று விற்கப்படுவதும் இந்தக் குடும்பமே. இடமும் வலமுமாக இரண்டே வரிசையில் இலைகள் வந்து, கசக்கினால் காரமான மணம் வந்தால் இஞ்சிக் குடும்பம். மணம் இல்லாமல், இலைக்காம்பு இலைப்பரப்பைத் தொடும் இடத்தில் மட்டும் ஒரு சிறு புடைப்பு இருந்தால் அது மராண்டாக் குடும்பம். அந்தப் புடைப்புதான் மாலையில் இலைகளை நிமிர்த்தி மடக்கிவிட்டுக் காலையில் திரும்ப விரிக்கிறது. இலைகள் இரு வரிசையில், நீண்ட காம்போடு, மணமும் புடைப்பும் இன்றி இருந்தால் ஹெலிகோனியாவாக இருக்கலாம்.

ஹெலிகோனியாவில் சுமார் 200 இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை, சில பசிபிக் தீவுகளைச் சேர்ந்தவை. சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்கும் ஹெலிகோனியா ராஸ்ட்ரேட்டாவின் ஒரு மடலை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தால், உள்ளே வரிசையாக ஒளிந்திருக்கும் மெல்லிய குழாய்ப் பூக்களைக் காணலாம். அந்தச் சிவப்பு மடல் பூவடிச் செதில். மாதக்கணக்கில் வாடாமல் நிற்கும். உள்ளிருக்கும் பூவோ ஒரு நாள்தான். நிமிர்ந்து நிற்கும் வகைகளின் மடல்களில் மழைநீர் தேங்கும் என்பதால், கொசு உற்பத்தியாகாமல் அவ்வப்போது கவிழ்த்துவிட வேண்டும்.

நர்சரிகளில் சிறு ஹெலிகோனியாக்களைப் ‘பேர்ட் ஆஃப் பாரடைஸ்’ என்று விற்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அந்தப் பெயருக்குரியது தென்னாப்பிரிக்காவின் ஸ்ட்ரெலிட்சியா ரெஜினே. படகு போன்ற ஒரே மடலிலிருந்து ஆரஞ்சுப் புல்லிகளும் அம்பு போன்ற நீல இதழ்களும் கொண்ட பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். சென்னையின் புழுக்கத்தைவிட உதகை, பெங்களூரு போன்ற இடங்களின் தட்பவெப்பம் அதற்கு ஏற்றது. அதே குடும்பத்தின் பேருருவம் விசிறி வாழை. மடகாஸ்கரில் அதன் பூக்களுக்கு மகரந்தம் கடத்துபவை லெமூர்கள். விதையைச் சுற்றியுள்ள உறை பளிச்சென்ற நீலம். முழுமையாக வளர்ந்தால் மூன்று மாடி உயரத்தை எட்டக்கூடியது என்பதால், சிறிய மனையில் நடக் கூடாது.

கல்வாழையில் நிறமாக விரிந்திருக்கும் பகுதியும் இதழ் இல்லை. மகரந்தம் தர மறந்து இதழாக மாறிய மகரந்தத்தாள்கள் அவை. உண்மையான மூன்று இதழ்கள் அவற்றுக்கு அடியில் சிறிதாக, குறுகலாக இருக்கும். அதில் மகரந்தம் தருவது ஒரு தாளின் பாதி மட்டுமே. வாழை, ஹெலிகோனியா பக்கம் பொதுவாக ஐந்து தாள்கள் வேலை செய்யும். இஞ்சியிலும் கோஸ்டஸிலும் ஒன்று. கல்வாழையிலும் மராண்டாவிலும் அரை. கையில் பூ இருந்தால் இந்த எண்ணிக்கை ஒன்றே குடும்பத்தைப் பெருமளவு சொல்லிவிடும். தாவர உலகில் இவ்வளவு தெளிவான ஏணி அமைவது அரிது. ஒரு முறையாவது ஒரு கல்வாழைப் பூவைப் பிரித்துப் பாருங்கள்.

செம்பருத்தியை யாருக்குத்தான் தெரியாது? அதில் அடையாளம் காண என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒரே குழாயாக இணைந்து சூலகத்தண்டைச் சூழ்ந்திருப்பதும், நுனியில் ஐந்து சூலகமுடிகள் பிரிந்து நிற்பதும், புல்லிவட்டத்துக்கு வெளியே சிறு செதில்களால் ஆன இன்னொரு வட்டம் இருப்பதும் செம்பருத்தியின் அடிப்படை அடையாளங்கள். அடுக்குச் செம்பருத்தியில் அந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கும். பாதி மாறிய தாள்களையும் நடுவில் காணலாம். இதழ்கள் சரிகை போலக் கிழிந்து, நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கினால் அது கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்கைசோபெட்டாலஸ் இனம். ‘ஸ்லீப்பிங் ஹைபிஸ்கஸ்’ என்று விற்கப்படும், ஒருபோதும் முழுதாக விரியாத செடி மால்வாவிஸ்கஸ் என்ற வேறு பேரினம். அது விரியவில்லையே என்று உரம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இலைக்காக வளர்க்கும் செடிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

குரோட்டன்ஸ் என்று நாம் அழைப்பது கோடியம் வேரிகேட்டம். இந்தோனேசியா முதல் பசிபிக் தீவுகள் வரை அதன் தாயகம். வெளிச்சம் குறைந்தால் அதன் சிவப்பும் மஞ்சளும் மங்கிப் பச்சையாகிவிடும். இடம் மாற்றினால் சில நாட்களில் இலைகளைக் கொட்டும். அதைக் கண்டு தண்ணீரைக் கூட்டக் கூடாது.

கார்டிலைனையும் டிரசீனாவையும் பிரிக்கத் தொட்டி மாற்றும் நாள் நல்ல வாய்ப்பு. வேர் வெள்ளையாக இருந்தால் கார்டிலைன்; மஞ்சளோ ஆரஞ்சோ ஆக இருந்தால் டிரசீனா. சேம்பு வகைகளில் இலை நுனி தரையை நோக்கித் தொங்கி, மேற்பரப்பு மங்கலாக, நீர் ஒட்டாமல் உருண்டோடினால் கொலக்கேசியா. நுனி நிமிர்ந்தோ கிடையாகவோ நின்று, இலை பளபளத்தால் பெரும்பாலும் அலோகேசியா.

மணி பிளாண்ட் பசிபிக்கின் மோரியா தீவைத் தாயகமாகக் கொண்டது. பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெல்லின் ஹார்மோன் அதனுள் உருவாகாததால் அது பூப்பதே இல்லை எனலாம். தொட்டியில் கையளவு இலை விடும் அதே கொடி, மரத்தில் ஏறிவிட்டால் முறமளவு கிழிசல் இலைகளை விடும். இரண்டும் ஒன்றே என்று நம்புவது பலருக்குக் கடினம்.

வீட்டில் இரவில் பூக்கும் வெள்ளைப்பூ பிரம்மகமலம்தானா?

இல்லை. அது எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம் என்ற கள்ளி. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். இலை என்று தோன்றுவது தட்டையான தண்டு. அதனால்தான் பூ அதன் விளிம்பிலிருந்து எழுகிறது. நிஷாகந்தி என்ற பெயர் அதற்குப் பொருந்தும். உத்தராகண்ட் மாநிலத்தின் மலரான பிரம்மகமலம், இமயத்தில் 3,700 மீட்டருக்கும் மேலே வளரும் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. அது நம் சமவெளியில் வளராது.

செடிகளை ரசிக்க ஏற்ற நேரம் என்று ஏதும் உண்டா?

ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. பவளமல்லி அந்தியில் விரிந்து விடியலில் உதிரும். பகலில் மட்டும் தோட்டத்தில் நடப்பவர்கள் அதைத் தரையில்தான் பார்ப்பார்கள். பூவில்லாதபோது அதை அறிய, உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் இலையும் நாற்கோணத் தண்டும் போதும். மரமல்லியின் நீண்ட வெள்ளைக் குழாய்ப் பூக்களுக்கு இரவே பொழுது. நாகலிங்கப்பூவைக் காலையில் பாருங்கள். அடிமரத்திலிருந்தே நேரடியாகத் தொங்கும் அந்தப் பூவில் தேன் இல்லை. மகரந்தமே வண்டுகளுக்குக் கிடைக்கும் உணவு. லிங்கமாக நாம் காணும் நடுவட்டத்தில் வளமான மகரந்தமும், அதன் மேல் குடையாகக் கவியும் பகுதியில் உணவாக மட்டும் பயன்படும் மலட்டு மகரந்தமும் உள்ளன. காய்கள் பீரங்கிக் குண்டளவுக்குக் கனத்து விழும் என்பதால், வழிப்பாதையோரம் இந்த மரத்தை நடக் கூடாது.

செங்காந்தளுக்கு மழைக்காலம். தமிழ்நாட்டின் மாநில மலரான இதைப் பூவில்லாமலும் அறியலாம்: ஒவ்வோர் இலையின் நுனியும் சுருண்டு பற்றுக்கம்பியாகி அருகிலுள்ளதைப் பிடித்துக்கொள்ளும். பூவின் ஆறு இதழ்களும் பின்னோக்கி நிமிர்ந்து, முதலில் பசுமஞ்சளாகவும் பின்னர் செந்தழலாகவும் மாறும். சூலகத்தண்டு அடியிலேயே செங்கோணமாக வளைந்து வெளியே நீளும். அந்த வளைவால் தன் மகரந்தம் தன் சூலகமுடியில் எளிதில் படாது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் விதைக்காக இதைப் பயிரிடும் உழவர்கள் கையாலேயே மகரந்தம் சேர்ப்பது இதனால்தான்.

கைபேசிச் செயலிகளை நம்பலாமா?

குடும்பத்தையும் பேரினத்தையும் காட்டுவதில் அவை நன்கு உதவுகின்றன; கலப்பின வகையின் பெயரைச் சொல்லும்போது நம்பிவிட வேண்டாம். பூவை மட்டும் நெருக்கமாகப் படமெடுப்பதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். இலைகள் தண்டில் அமைந்த முறை, இலையின் அடிப்பக்கம், பூவின் பக்கவாட்டுத் தோற்றம், காய், முழுச் செடி எனத் தனித்தனிப் படங்கள் எடுங்கள். உயிரினங்களைப் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத் தளத்தில் பதிவேற்றினால், வளர்ப்புச் செடி என்று குறிப்பிடுவது கடமை.

பெயர்ப் பலகையோடு செடிகளை எங்கே பார்க்கலாம்?

உதகையின் அரசு தாவரவியல் பூங்கா 1848-இலும், புதுச்சேரித் தாவரவியல் பூங்கா 1826-இலும் தொடங்கப்பட்டவை. சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா நகருக்குள்ளேயே உள்ளது. ஆனால் வெப்பமண்டல அழகுச் செடிகளுக்கென்றே ஒரு பயணம் போக முடிந்தால், 1821-இல் உருவான கண்டி பேராதனைத் தாவரவியல் பூங்காவைச் சொல்வேன். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் 1901-இல் நட்ட நாகலிங்க மரம் அங்கே இன்றும் நிற்கிறது. வாழை, இஞ்சி உறவினர்களைப் பிரித்தறியக் கற்க விரும்புவோருக்கு, 1859-இல் தொடங்கப்பட்டு 2015-இல் உலக மரபுச் சின்னமான சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இஞ்சித் தோட்டம் மிகச் சிறந்த வகுப்பறை.

அழகாக இருந்தாலும் நடக் கூடாத செடிகள் உண்டா?

உண்டு; இதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளை மூடிக்கிடக்கும் உண்ணிச்செடி, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். மஞ்சள் பூவோடு தரையை மூடும் வெடிலியாவும் அதைப் போலவே பரவுவது. இரண்டும் உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் உள்ளன. ஓடையோ குளமோ காடோ அருகில் உள்ள வீடுகளில் வெடிலியாவை நடவே கூடாது.

மூன்றாவது, சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் அயல் மஞ்சள் கொன்றை. முதுமலையிலும் நீலகிரியிலும் காட்டுக்குள் பரவிவிட்ட அதை அகற்றும் பணி நடந்துவருகிறது. நம் சரக்கொன்றை என்று நினைத்து இதன் கன்றை நடுபவர்கள் இருப்பதால், வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். சரக்கொன்றையின் பூங்கொத்து சரமாகக் கீழே தொங்கும். சிற்றிலைகள் பெரியவை, ஓர் இலைக்கு நான்கு முதல் எட்டு இணைகள் இருக்கும். அயல் கொன்றையின் பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும்; சிற்றிலைகள் சிறியவை, பத்து இணைகளுக்கு மேல் இருக்கும். கன்றுப் பருவத்தில் பூ இருக்காது. ஆகவே நர்சரியில் பணம் கொடுப்பதற்கு முன் ஓர் இலையை எடுத்துச் சிற்றிலைகளை எண்ணிவிடுங்கள்.